மங்க்ஸ்: சிப்பாய்கள் ஐவர் போட்ட சத்தம்

வணக்கம் நண்பர்களே. அறுபதுகளின் பீட் இசை என்றதும் பீட்டில்ஸ், ரோலிங் ஸ்டோன்ஸ் என்று நீங்களே நாலைந்து பெயர்களைச் சொல்லிவிடுவீர்கள், அதனால் அவர்களை விட்டுவிடுகிறேன். நான் பேச வந்தது மங்க்ஸ் என்ற ராக் இசைக்குழு பற்றி. கேரி பர்கர், லாரி கிளார்க், டேவ் டே, எடி ஷா, ரோஜர் ஜான்ஸ்டன். ஐந்து பேருமே மேற்கு ஜெர்மனியில் கெல்ன்ஹவுசன் முகாமில் இருந்த அமெரிக்கச் சிப்பாய்கள். 1964-இல் டார்க்கீஸ் என்ற பெயரில் எல்லாரையும் போல சக் பெர்ரி பாட்டுகளை வாசித்துக்கொண்டிருந்தவர்கள், ராணுவப் பணி முடிந்தும் ஊர் திரும்பாமல் அங்கேயே தங்கிவிட்டார்கள்.

அப்புறம்தான் எல்லாம் மாறியது. பெயர் மங்க்ஸ், அதாவது துறவிகள், என்றானது. கருப்பு அங்கி, கழுத்தில் டைக்குப் பதில் தூக்குக் கயிறு, உச்சந்தலையில் துறவிகளைப் போல வட்டமாகச் சிரைத்த மொட்டை. ஆனால் கோலத்தைப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடாதீர்கள், விஷயம் வாசிப்பில் இருக்கிறது. டேவ் டே ரிதம் கிட்டாரைக் கீழே வைத்துவிட்டு ஆறு தந்தி பாஞ்சோவை (தோல் போர்த்திய வட்ட உடல் கொண்ட தந்தி வாத்தியம்) எடுத்து, உள்ளே மைக் வைத்து, தாளக் கருவி மாதிரி அடித்தார். டிரம் வாசித்த ரோஜர், சிம்பல் என்ற உலோகத் தட்டைப் பெரும்பாலும் தொடாமல் டாம் டிரம்களிலேயே இடித்தார். பர்கரின் கிட்டார் ஃபஸ் பெடல் வழியாக வந்தது. அந்தப் பெடல் செய்வது இதுதான்: ஒலி அலையின் மேடு பள்ளங்களை டிரான்சிஸ்டரால் வெட்டித் தட்டையாக்கிவிடும், திருவிழாவில் கூம்பு ஸ்பீக்கர் தாங்க முடியாமல் கிழிந்து கத்துமே, கிட்டத்தட்ட அந்தச் சத்தம். ஒருநாள் ஒத்திகையில் பர்கர் கிட்டாரை ஆம்ப்ளிஃபயர் மேல் சாய்த்துவிட்டு வெளியே போக, அது தானாக ஊளையிடத் தொடங்கியது. ரோஜர் அதை நிறுத்தப் போகவில்லை, அதோடு சேர்ந்து டிரம் வாசித்தார். இந்த ஒரு காரியத்துக்காகவே அவர்மேல் எனக்குத் தனி மதிப்பு.

1966-இல் பாலிடார் இசைத்தட்டு நிறுவனம் வெளியிட்ட 'பிளாக் மங்க் டைம்' மட்டும்தான் அவர்களுடைய ஸ்டுடியோ ஆல்பம். முதல் பாட்டிலேயே பர்கர் வியட்நாமில் பிள்ளைகளைக் கொல்வது ஏன் என்று தொண்டை கிழியக் கேட்கிறார். கேட்டது கல்லூரி மாணவர் இல்லை, ராணுவ உடையைக் கழற்றிக் கொஞ்ச காலமே ஆன ஆள். அப்போது அமெரிக்காவில் அந்த ஆல்பம் வெளியாகவே இல்லை. ஜெர்மனியில் டிவியில் வந்தார்கள், ஹாம்பர்க் கிளப்களில் இரவிரவாக வாசித்தார்கள், விற்பனை மட்டும் நடக்கவில்லை. 1967-இல் ஆசியப் பயணம் புறப்படவிருந்த சமயத்தில் ரோஜர் டெக்சஸ் போய்விட, குழு கலைந்தது. இது நியாயமே இல்லை என்று இன்றைக்கும் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. பத்து வருஷம் கழித்து பங்க் என்ற ராக் இசை வகை வந்தபோது எதற்காகக் கொண்டாடப்பட்டதோ, அந்த முரட்டுத்தனம், சிக்கனம், கோபம் எல்லாம் இவர்களிடம் முன்பே இருந்தது.

1999-இல் நியூயார்க்கில் மறுபடியும் ஒன்றாக மேடை ஏறினார்கள். பர்கர் பிற்பாடு மினசோட்டாவில் டர்ட்டில் ரிவர் என்ற சிற்றூரின் மேயராகவும் இருந்து 2014-இல் இறந்தார்.

ஆல்பம் மொத்தம் அரைமணி நேரம்தான், இன்று சுலபமாகக் கிடைக்கிறது. 'காம்ப்ளிகேஷன்' பாட்டை முதலில் போடுங்கள், போனில் வேண்டாம், நல்ல ஸ்பீக்கரில், சத்தமாக. முதல் தடவை பாஸையும் டிரம்மையும் மட்டும் பிடித்துக்கொண்டு போங்கள், இரண்டாம் தடவை அந்தக் கிட்டார் எங்கே கிழித்துக்கொண்டு நுழைகிறது என்று கவனியுங்கள்.