எப்ஸ்டைன் கோளாறு: ஒரே பெயர், ஒன்றுக்கொன்று ஒட்டாத நோயாளிகள்

எல்லாருக்கும் வணக்கம். இன்றைக்கு நான் எடுத்துக்கொண்டிருக்கும் எப்ஸ்டைன் என்ற பிறவி இதய வால்வுக் கோளாறு அபூர்வமானது. சுமார் 20,000 குழந்தைகளில் ஒன்றுக்கு வரும் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. பிறவி இதயக் கோளாறுகளில் இதன் பங்கு 1 சதவீதத்துக்கும் குறைவு. ஆனால் இதே கோளாறு ஒரு சிசுவைக் கருவிலேயே பலிவாங்கும், இன்னொருவரோ எழுபது வயது வரை ஒன்றும் தெரியாமலே வாழ்ந்துவிடுவார். அதனால் "ரிப்போர்ட்டில் எப்ஸ்டைன் என்று போட்டிருக்கிறது, இனி என்ன ஆகும்?" என்று கேட்டால், அந்தப் பெயரை மட்டும் வைத்து யாராலும் பதில் சொல்ல முடியாது.

பெயர் எங்கிருந்து வந்தது? 1864-ல் பிரெஸ்லாவ் நகரில், அதாவது இன்றைய போலந்தின் விராட்ஸ்வாவில், 19 வயதுத் தொழிலாளி ஒருவர் மூச்சுத்திணறலும் படபடப்புமாக இருந்து இறந்துபோனார். வில்ஹெல்ம் எப்ஸ்டைன் என்ற இளம் மருத்துவர் அவருடைய இதயத்தில் கண்டதை 1866-ல் எழுதி வெளியிட்டார். எக்ஸ்ரேயே இல்லாத காலம் அது. இறந்தவரின் வால்வைப் பார்த்தே, உயிரோடு இருந்தபோது ரத்தம் எப்படி ஓடியிருக்கும் என்று யோசித்துச் சொன்னார் பாருங்கள், அதை நான் பெரிய விஷயமாக நினைக்கிறேன். அதற்குப் பிறகும் 1940-களின் கடைசி வரை இறந்த பிறகுதான் இதைக் கண்டுபிடித்தார்கள்.

சரி, உள்ளே என்னதான் கோளாறு? இதயத்தின் வலது பக்கம் மேலறைக்கும் கீழறைக்கும் நடுவே மூன்று இதழ்கள் கொண்ட ட்ரைகஸ்பிட் வால்வு இருக்கிறது. கரு வளரும்போது இந்த இதழ்கள் கீழறைச் சுவரிலிருந்து உரிந்து பிரிந்துதான் உருவாகின்றன. இந்தக் கோளாறில் இரண்டு இதழ்கள் சரியாகப் பிரியாமல் சுவரோடு ஒட்டிக்கொண்டு நிற்கும், அதனால் வால்வு இருக்க வேண்டிய இடத்தை விட்டுக் கீழே இறங்கிவிடும். முன்னிதழ் மட்டும் பாய்மரத் துணிபோல் பெரிதாக விரிந்திருக்கும். விளைவு என்னவென்றால், கீழறையின் ஒரு பகுதி மேலறையோடு சேர்ந்துவிடுகிறது, ரத்தத்தைத் தள்ளுவதற்கு மிஞ்சுவது சின்ன அறைதான், வால்வும் முழுசாக மூடாமல் ரத்தம் பின்னால் கசிகிறது. பெரும்பாலானவர்களுக்கு இரண்டு மேலறைகளுக்கு இடையிலான சுவரில் ஓட்டையும் இருக்கும். வலது பக்க அழுத்தம் ஏறினால் அதன் வழியாக ஆக்சிஜன் குறைந்த ரத்தம் இடது பக்கம் போய் உதடும் நகமும் நீலமாகும். இதே பாதையில் காலில் உருவான ரத்தக் கட்டி நுரையீரலுக்குப் போகாமல் நேராக மூளைக்குப் போய் பக்கவாதம் வருவதும் உண்டு.

அப்புறம் படபடப்பு. இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். மேலறைக்கும் கீழறைக்கும் மின்துடிப்பைக் கடத்த இயல்பாக ஒரு வழிதான் உண்டு. எப்ஸ்டைன் உள்ளவர்களில் கணிசமானவர்களுக்குக் கூடுதல் குறுக்குவழி இருக்கும், சிலருக்கு ஒன்றுக்கு மேல்கூட. திடீரென்று இதயம் தறிகெட்டு ஓடும், பிறகு தானாகவே அடங்கும், மருத்துவமனைக்குப் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் சரியாகியிருக்கும், "டென்ஷன்தான், போய்த் தூங்குங்கள்" என்று அனுப்பிவிடுவார்கள். இளவயதில் இப்படி அடிக்கடி வந்தால், அது நடக்கிற நேரத்தில் ஈசிஜி எடுக்க வேண்டும், ஓர் எக்கோவும், அதாவது ஒலி அலைகளால் இதயத்தைப் படம் பிடிக்கும் ஸ்கேனும், பார்க்க வேண்டும். இதைக் கேட்டு வாங்கத் தயங்காதீர்கள்.

எக்கோதான் இதில் முடிவு சொல்லும் சோதனை. ட்ரைகஸ்பிட் வால்வு இடது பக்க வால்வைவிடச் சற்றுக் கீழே இருப்பது இயல்பு. அந்த இறக்கம் உடல் பரப்பின் ஒரு சதுர மீட்டருக்கு 8 மில்லிமீட்டரை எட்டினாலோ தாண்டினாலோ எப்ஸ்டைன் என்பார்கள். கீழறை எவ்வளவு வேலை செய்கிறது என்று அளக்க எம்ஆர்ஐ உதவும்.

சிகிச்சையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி, பிறந்த குழந்தைகளைப் பற்றியது. பிறந்த முதல் நாட்களில் நுரையீரல் ரத்தக் குழாய்களின் எதிர்ப்பு அதிகமாக இருக்கும், பலவீனமான வலது அறையால் அதை மீறி ரத்தத்தைத் தள்ள முடியாது, குழந்தை கருநீலமாகக் கிடக்கும். நாளாக ஆக அந்த எதிர்ப்பு தானே குறையும், பல குழந்தைகள் தேறியும் வரும். அதுவரை புரோஸ்டாகிளாண்டின் மருந்தால் கருவில் இருந்தபோது பெருந்தமனியையும் நுரையீரல் குழாயையும் இணைத்த ரத்தப் பாதையை மூடவிடாமல் வைத்து, அதன் வழியே நுரையீரலுக்கு ரத்தம் போகவிட்டுக் காத்திருப்பார்கள். "ஏன் இன்னும் ஆபரேஷன் செய்யவில்லை?" என்று பெற்றோர் தவிப்பது நியாயம்தான், ஆனால் அந்த வயதில் அறுவை சிகிச்சையின் ஆபத்து அதிகம், காத்திருப்பதே சில நேரம் நல்ல வைத்தியம். தேறாத குழந்தைகளுக்கு வேறு வழியில்லை, செய்துதான் ஆக வேண்டும்.

வளர்ந்தவர்களில் அறிகுறியே இல்லையென்றால் கண்காணிப்பு போதும். மூச்சுவாங்கல் கூடினால், நீலம் பரவினால், வலது அறை பெருத்துக்கொண்டே போனால் அறுவை சிகிச்சை. பிரேசிலைச் சேர்ந்த ஜோசே பெட்ரோ டா சில்வா வளர்த்தெடுத்த கூம்பு முறையில், ஒட்டிய இதழ்களைச் சுவரிலிருந்து பிரித்து, சுற்றித் தைத்துக் கூம்பாக்கி, வால்வு இருக்க வேண்டிய இடத்திலேயே பொருத்துகிறார்கள். சொந்தத் திசுவே வால்வாகிறது. முடிந்தவரை இதுதான் நல்லது என்பது என் கட்சி. செயற்கை வால்வில் திசு வகை நாளடைவில் பழுதாகும், உலோக வகைக்கு ரத்தம் உறையாதிருக்க ஆயுள் முழுக்க மாத்திரை வேண்டும். மின் குறுக்குவழியைக் கதீட்டர், அதாவது ரத்தக் குழாய் வழியே செலுத்தும் மெல்லிய குழாய், மூலம் சுட்டு அடைக்கலாம். வால்வைத் தொடுவதற்கு முன்பே இதைப் பார்த்துவிடுவது நல்லது, பிறகு அந்த இடத்தை எட்டுவது கடினமாகலாம்.

"நான் கர்ப்பமாக இருந்தபோது எதையாவது சாப்பிட்டதாலா?" என்று தாய்மார்கள் கேட்பார்கள். பெரும்பாலான குழந்தைகளில் காரணம் தெரிவதில்லை. மனநோய்க்குக் கொடுக்கும் லித்தியம் மாத்திரையைக் கர்ப்பிணிகள் சாப்பிட்டால் இந்தக் கோளாறு வரும் என்று 1970-களில் பெரிய பயம் இருந்தது, பின்னால் வந்த ஆய்வுகளில் அந்த ஆபத்து நினைத்ததைவிட மிகக் குறைவு என்று தெரிந்தது. அதைச் சாப்பிடுகிறவர்கள் தாங்களாக நிறுத்திவிடக் கூடாது, மருத்துவரிடம் பேசித்தான் முடிவெடுக்க வேண்டும்.

குழந்தை பெறலாமா என்று ஒரு கேள்வி எழுதி அனுப்பியிருக்கிறார்கள். உடலில் நீலம் இல்லாமல், இதயமும் ஓரளவு நன்றாக இயங்கினால் பலர் பிரச்சினையின்றிப் பெற்றிருக்கிறார்கள். கருத்தரிக்கும் முன்பே எக்கோவும் உடற்பயிற்சிச் சோதனையும் செய்துகொள்ளுங்கள், கருவின் இதயத்தை 18 முதல் 22 வாரத்துக்குள் தனியாக ஸ்கேன் எடுத்துப் பாருங்கள்.