எல்லைக்கல் இருக்கட்டும், ஒப்பந்தம் போடுவோம்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அரங்கில் அமர்ந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, அனைவருக்கும் வணக்கம்.

"கடலூர், புதுச்சேரி வட்டாரம் முன்னேற உள்ளாட்சிகள் தனித்து நிற்க வேண்டுமா, சேர்ந்து செயல்பட வேண்டுமா?" என்பது இன்றைய தலைப்பு. சேர்ந்து செயல்படவே வேண்டும் என்பது என் கட்சி. எனக்கு முன் பேசிய எதிரணித் தலைவர், கூட்டு என்ற பேரில் பெரிய ஊர் சின்ன ஊரை விழுங்கிவிடும் என்றார். கிராமத்தை நகரத்தோடு சேர்த்தால் வீட்டு வரி ஏறும், நூறு நாள் வேலை போய்விடும், கூப்பிட்ட குரலுக்கு வந்த ஊராட்சித் தலைவர் எட்டாத தூரத்துக்குப் போய்விடுவார் என்றார். அவருக்கு விழுந்த கைதட்டலில் என்னுடையதும் ஒன்று. அவர் சொன்ன அச்சம் நியாயமானது. ஆனால் அது இணைப்பைப் பற்றிய அச்சம். நான் இணைப்புக்காகப் பேச வரவில்லை. இரண்டு வீட்டுக்காரர்கள் பணம் போட்டுப் பொதுவில் ஒரு கிணறு வெட்டினால், நடுச்சுவரை இடித்துவிட வேண்டும் என்று யாரும் சொல்வதில்லை. முறை வைத்து இறைப்பார்கள். கயிறு தேய்ந்தால் செலவைப் பங்கு போடுவார்கள். சமையல் அவரவர் அடுப்பில்தான் நடக்கும். அந்தப் பொதுக் கிணற்றைப் பற்றித்தான் நான் பேசுகிறேன்.

கடலூரில் புதுச்சேரிப் பேருந்து ஏறுகிறவரை நினைத்துப் பாருங்கள். தென்பெண்ணைப் பாலத்தைத் தாண்டி முள்ளோடை வந்தால் புதுச்சேரி. இன்னும் சற்றுத் தூரம் போனால் ரெட்டிச்சாவடி, அது மறுபடியும் தமிழ்நாடு. தவளக்குப்பத்தில் திரும்பவும் புதுச்சேரி. ஒரு தூக்கம் போட்டு எழுவதற்குள் இத்தனை முறை ஆட்சி மாறும் சாலை வேறெங்கும் இருக்குமா என்று தெரியவில்லை. ஏறக்குறைய 290 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள புதுச்சேரிப் பகுதி, ஒரே நிலமாக இல்லாமல், கடலூர், விழுப்புரம் மாவட்டங்களுக்கு நடுவே துண்டு துண்டாகக் கிடக்கிறது. இது பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் தங்கள் வசதிக்குப் போட்ட கோடு. 1954 நவம்பர் 1 அன்று ஆட்சி கைமாறியது, 1962 ஆகஸ்ட் 16 அன்று சட்டப்படியும் இந்தியாவோடு சேர்ந்தது; கோடு மட்டும் அப்படியே நிற்கிறது. நிற்கட்டும். அந்தக் கோட்டைத் தாண்டி ஒரு குப்பை வண்டியாவது போகக் கூடாதா என்பதே என் கேள்வி.

முதலில் தண்ணீர். எதிரணியில் ஒருவர், இரண்டு அரசுகளுக்கு இடையே இதெல்லாம் நடக்கிற காரியமா என்று கேட்டார். நடந்துகொண்டிருக்கிறது ஐயா. விழுப்புரம் மாவட்டத்து வீடூர் அணையின் பாசனத்தில் தமிழ்நாட்டுக்கு 2,200 ஏக்கர், புதுச்சேரிக்கு 1,000 ஏக்கர் என்று கணக்கு வைத்துப் பிரித்திருக்கிறார்கள். புதுச்சேரியின் நெற்களஞ்சியம் என்று நாம் பெருமை பேசும் பாகூரின் ஏரி நிரம்புவது, தமிழ்நாட்டு எல்லைக்குள் இருக்கும் சொர்ணாவூர் அணைக்கட்டில் பிரிந்து பங்காரு வாய்க்கால் வழியாக வரும் தென்பெண்ணைத் தண்ணீரால். மேலே இருப்பவர் மதகைத் திறந்தால்தான் கீழே இருப்பவர் நாற்று விட முடியும். இந்த ஏற்பாடு அன்பினால் மட்டும் நிற்கவில்லை. இத்தனை ஏக்கர், இந்த வாய்க்கால், இந்த மதகு என்று வரையறுத்திருப்பதால் நிற்கிறது. வரையறை இல்லாத இடத்தில் என்ன ஆகும் என்பதற்கு ஊசுட்டேரியைப் பாருங்கள். ஒரே ஏரி, ஏறத்தாழப் பாதி புதுச்சேரியில், பாதி விழுப்புரம் மாவட்டத்தில். புதுச்சேரி தன் பாதியை 2008இல் பறவைகள் சரணாலயமாக அறிவித்தது; தமிழ்நாடு தன் பாதியை அறிவிக்க மேலும் சில ஆண்டுகள் ஆயின. இடைப்பட்ட காலத்தில் வந்த நாரைக்கு, எந்தப் பாதியில் இறங்கினால் பாதுகாப்பு என்று யார் சொல்லியிருப்பார்கள்?

தண்ணீர் இல்லாதபோது மட்டும் இந்தச் சிக்கல் என்று நினைக்க வேண்டாம். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது, ஒரே நாளில் புதுச்சேரியில் 40 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது. அந்தத் தண்ணீர் வடியும் முன்பே, டிசம்பர் 2ஆம் தேதி, திருவண்ணாமலை மாவட்டத்துச் சாத்தனூர் அணையிலிருந்து நொடிக்கு ஒன்றரை லட்சம் கன அடிக்கும் மேல் தென்பெண்ணையில் திறந்துவிடப்பட்டது. வெள்ளம் கடலூரின் ஆற்றோரக் குடியிருப்புகளிலும் பாகூர்ப் பகுதிக் கிராமங்களிலும் சேர்ந்தே நுழைந்தது. ரேஷன் அட்டை எந்த அரசு கொடுத்தது என்று அது விசாரிக்கவில்லை. இந்த ஆற்றின் கடைப்பகுதியில் ஒரு கரையில் புதுச்சேரிக் கிராமங்கள், மறு கரையில் கடலூர். ஒருவர் மட்டும் தம் கரையைப் பலப்படுத்தி உயர்த்தினால், வெள்ளம் தாழ்ந்திருக்கும் எதிர்க்கரையைத் தேடிப் போகும். அதைப் பார்த்து அவரும் உயர்த்துவார். இப்படிப் போட்டி போட்டுச் செலவழித்த பின் இருவரும் பாதுகாப்பாக இருக்க மாட்டார்கள். இதே ஆற்றில், தை மாதம் ஐந்தாம் நாள் ஆற்றுத் திருவிழாவுக்கு இரு கரை ஊர்ச் சாமிகளும் தீர்த்தவாரிக்கு இறங்குகின்றன. சாமிகளுக்குள் எல்லைத் தகராறு இல்லை. கரையை எந்த உயரத்தில் கட்டுவது என்று இரு பக்கத்துப் பொறியாளர்களும் ஒரே வரைபடத்தை விரித்துவைத்துப் பேசினால் போதும் என்கிறேன்; இதில் யாருடைய தன்னாட்சி பறிபோகிறது?

அடுத்தது குப்பை. நான் இருப்பது எல்லையோரத்தில் ஒரு சிற்றூர். எங்கள் தெருக்கோடியில் எல்லைக்கல் இருக்கிறது. அந்தக் கல்லை ஒட்டி ஒரு குப்பைமேடு இருக்கிறது. இந்தப் பக்கத்துத் துப்புரவுப் பணியாளர் கல்வரை கூட்டிவிட்டுத் திரும்புகிறார். அந்தப் பக்கத்தவரும் அப்படியே. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், கல்லைத் தாண்டினால் அவர்களுக்குத்தான் விளக்கம் கேட்டு ஓலை வரும். மேடு மட்டும் வளர்கிறது. மட்காத குப்பையைப் பிரித்து விற்பதற்கோ, மட்கும் குப்பையை எருவாக்குவதற்கோ ஒரு நிலையம் நடத்த வேண்டுமென்றால் நாள்தோறும் போதிய அளவு குப்பை வந்து சேர வேண்டும். ஒரு சிற்றூராட்சி தனியாக அதைச் செய்தால் இயந்திரம் பாதி நாள் சும்மா நிற்கும், மின் கட்டணம் மட்டும் முழுதாக வரும். எல்லையின் இரு பக்கத்து ஊர்களும் ஒரே நிலையத்தில் எடை போட்டுக் கொட்டி, எடைக்கு ஏற்ப மாதாமாதம் பணம் கட்டினால் கணக்கு சரியாகிவிடும். தெருநாய்க் கருத்தடையும் அப்படித்தான். ஒரு பக்கம் ஒழுங்காகச் செய்து, மறுபக்கம் செய்யாவிட்டால், செய்தவர் பணம் இரண்டு ஆண்டில் வீண். நாய்களுக்கு ஆல்பேட்டைச் சோதனைச் சாவடியில் அனுமதி வாங்கும் பழக்கம் இல்லை. கொசுவைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். எல்லை தாண்டி வேறு எதற்காகவோ போய்வருகிறவர்களைப் பற்றியும் நடுவர் முன்னிலையில் நான் சொல்லப் போவதில்லை.

தொழில் வளர்ச்சிக்குப் போட்டிதான் நல்லது என்றார் எதிரணியின் தங்கை ஒருவர். கடைக்காரர்களுக்கு இடையே போட்டி நல்லதுதான். வாங்குகிறவருக்கு விலை குறையும். உள்ளாட்சிகள் ஓர் ஆலைக்காகப் போட்டி போட்டால் குறைவது வரி. அந்த வரிதான் நம் தெருவிளக்கும் சாக்கடையும். ஆலை ஒரு பக்கம் வரும். அதற்கு உறிஞ்சும் நிலத்தடி நீர் எல்லையின் இரு பக்கமும் இறங்கும். கடலோரமான நம் வட்டாரத்தில் நீர்மட்டம் இறங்கினால் உப்புநீர் உள்ளே ஏறும். வருமானம் ஒரு பக்கத்துக்கு, உவர்ப்பு இரு பக்கத்துக்கும் என்பது என்ன போட்டி? அமெரிக்காவின் மினசோட்டா மாநிலம் இந்தச் சிக்கலுக்கு 1971இலேயே ஒரு சட்டம் செய்தது. மினியாபொலிஸ், செயின்ட் பால் என்ற இரட்டை நகரங்களைச் சூழ்ந்த ஏழு மாவட்டங்களில், வணிக, தொழில் சொத்துகளின் வரி மதிப்பு எங்கே வளர்ந்தாலும், அந்த வளர்ச்சியில் 40 விழுக்காட்டைப் பொதுக் கணக்கில் சேர்த்து எல்லா உள்ளாட்சிகளுக்கும் பிரிக்கிறார்கள். ஆலை எந்த ஊருக்கு வந்தாலும் பக்கத்து ஊருக்கும் கொஞ்சம் கிடைக்கும் என்பதால், ஒருவர் காலை ஒருவர் வாருகிற அவசரம் குறைகிறது. அதை அப்படியே இங்கே கொண்டுவர முடியாது. சொத்துவரி இங்கே இரண்டு வேறு சட்டங்களின் கீழ் வருகிறது. ஆனால் புதிதாக அமையும் ஒரு தொழிற்பேட்டையின் சாலைக்கும் கழிவுநீர்ச் சுத்திகரிப்புக்கும் இரு பக்கமும் பணம் போட்டு, வருவாயையும் அதே விகிதத்தில் பிரித்துக்கொள்ள ஓர் ஒப்பந்தம் எழுதத் தடை என்ன?

சட்டத்தில் இடமில்லை என்பதுதான் எதிரணியின் கடைசி அம்பு. அதில் பாதி உண்மை. அரசியலமைப்பின் 243ZD பிரிவு சொல்லும் மாவட்டத் திட்டக் குழு மாவட்ட எல்லையோடு நின்றுவிடும். 1956ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்த தென்மண்டலக் குழுவில் தமிழ்நாடும் புதுச்சேரியும் இருந்தாலும், அது முதலமைச்சர்கள் அமரும் இடம். எங்கள் தெருக்கோடிக் குப்பைமேடு அங்கே போகாது. இன்னொன்றையும் நானே ஒப்புக்கொள்கிறேன்: புதுச்சேரியில் 38 ஆண்டு இடைவெளிக்குப் பின் 2006இல் நடந்த உள்ளாட்சித் தேர்தலின் பதவிக்காலம் 2011இல் முடிந்தது, அதன்பின் அங்கே தேர்ந்தெடுக்கப்பட்ட உள்ளாட்சி இல்லை, கடலூர் மாவட்ட ஊராட்சிகளும் 2025 ஜனவரியில் தனி அலுவலர்கள் கைக்குப் போயின. மக்களுக்குப் பதில் சொல்ல வேண்டியவர் இல்லாமல் அதிகாரிகள் மட்டும் கையெழுத்திடும் கூட்டு எனக்கும் உவப்பானதன்று. ஆகவே தேர்தலும் வேண்டும், ஒப்பந்தமும் வேண்டும் என்கிறேன்.

புதுச்சேரிக்குக் கொம்யூன் என்ற உள்ளாட்சியைக் கொடுத்தது பிரான்ஸ். அந்நாட்டில் இன்று ஏறக்குறைய 35,000 கொம்யூன்கள் இருக்கின்றன. பலவற்றில் சில நூறு பேர்கூட இல்லை. அவற்றைக் கலைக்கவில்லை, ஒவ்வொன்றுக்கும் மேயர் இருக்கிறார். குப்பைக்கும் குடிநீருக்கும் தொழிற்பேட்டைக்கும் அவை சேர்ந்து கூட்டமைப்பு வைத்துக்கொண்டிருக்கின்றன. கூட்டமைப்பில் சேராத கொம்யூன் அங்கே அரிது. நாம் கொம்யூனை வைத்துக்கொண்டோம், கூட்டை விட்டுவிட்டோம். கூட்டுக் குடிநீர்த் திட்டம் என்ற சொல் தமிழ்நாட்டில் எந்தக் கிராமத்துக்கும் புதிதன்று. பல ஊராட்சிகள் ஒரே குழாயில் குடித்தாலும் எந்த ஊராட்சியின் பெயர்ப்பலகையும் கழற்றப்படவில்லை. எல்லைக்கல்லின் இரு பக்கத்து ஊர்களும் ஒரு குப்பை வண்டியோடு இதைத் தொடங்கட்டும். ஓராண்டு எடைக்கணக்கைப் பார்த்துவிட்டு, ஆற்றங்கரையைப் பற்றி அடுத்த ஆண்டு பேசலாம். மணி அடித்துவிட்டீர்கள் நடுவர் அவர்களே, அமர்கிறேன்.