மருந்து பெறாதவர்கள்

அன்பார்ந்த நேயர்களுக்கு என் வணக்கம்.

அண்மைக்கால மருத்துவ ஆராய்ச்சிகளைப் பற்றிப் பேச வேண்டும் என்று வானொலி நிலையத்தார் கேட்டபோது, எதைச் சொல்வது, எதை விடுவது என்ற தயக்கம் எனக்கு ஏற்பட்டது. இதய நோய், தொற்றுநோய், மரபணு என்று ஒவ்வொரு துறையிலும் வாரந்தோறும் ஆய்வுக் கட்டுரைகள் வந்துகொண்டே இருக்கின்றன. ஆனால் அவற்றைப் படிக்க இளம் மருத்துவர்களுக்குப் பல ஆண்டுகள் கற்றுக்கொடுத்த எனக்கு, அவை அனைத்தையும் இணைக்கும் ஒரு பொருளின்மேல் நீங்காத அக்கறை உண்டு. புதிய மருந்தைப் பற்றிய கட்டுரை கைக்கு வந்தால், அந்த மருந்தைப் பெற்றவர்கள் என்ன ஆனார்கள் என்று பார்ப்பதற்கு முன்பே, அதைப் பெறாதவர்கள் யார், அவர்கள் என்ன ஆனார்கள் என்றுதான் நான் தேடுவேன். அவர்களை ஒப்பீட்டுக் குழு என்று சொல்கிறோம். செய்தித்தாளில் அவர்களைப் பற்றி ஒரு வரிகூட இருப்பதில்லை. இன்றைய உரை பெரும்பாலும் அவர்களைப் பற்றியதே.

இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணமான ஒரு வரலாறு இருக்கிறது. சற்று நீளமானது, பொறுமையாகக் கேட்கும்படி வேண்டுகிறேன். மாரடைப்பிலிருந்து பிழைத்தவர்களில் பலருக்கு, சீராக ஓடிக்கொண்டிருக்கும் இதயத் துடிப்புக்கு நடுவே, முறை வருவதற்கு முன்பே ஒரு துடிப்பு வந்துவிடும். சிலருக்கு அது நெஞ்சில் ஏதோ தட்டியது போலத் தோன்றும். சிலருக்கு ஒன்றுமே தெரியாது, ஈ.சி.ஜி. பதிவில் மட்டுமே தென்படும். இத்தகைய துடிப்புகள் மிகுதியாக உள்ளவர்கள் திடீரென்று இறக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம் என்பதை மருத்துவர்கள் அறிந்திருந்தார்கள். ஆகவே அந்தத் துடிப்புகளை அடக்கிவிட்டால் உயிரைக் காப்பாற்றலாம் என்று எண்ணினார்கள். என்கைனைடு, ஃபிளெகைனைடு என்னும் இரண்டு மருந்துகள் அவற்றை மிக நன்றாக அடக்கின. மாத்திரை கொடுப்பதற்கு முன் எடுத்த பதிவையும் பின் எடுத்த பதிவையும் அருகருகே வைத்துப் பார்த்த எந்த மருத்துவருக்கும், தாம் செய்தது சரி என்பதில் ஐயம் எழுந்திருக்காது.

இந்த இடத்தில்தான் சிலர் ஒரு கேள்வி கேட்டார்கள். துடிப்பு அடங்குகிறது, சரி, உயிர் தங்குகிறதா? அமெரிக்காவின் தேசிய இதய, நுரையீரல், இரத்த ஆய்வு நிறுவனத்தின் ஆதரவில் 1987இல் ஓர் ஆய்வு தொடங்கியது. இதில் ஒரு நுட்பத்தைக் கவனியுங்கள். முதலில் எல்லோருக்கும் மருந்தைக் கொடுத்துப் பார்த்து, யாருக்கு அது துடிப்பை அடக்கியதோ அவர்களை மட்டுமே ஆய்வின் முக்கியப் பகுதிக்கு எடுத்துக்கொண்டார்கள். அதாவது, மருந்து வேலை செய்கிறது என்று முன்கூட்டியே உறுதியானவர்கள். பிறகு அவர்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு மருந்தும், மறு பாதிக்கு அதே தோற்றமுள்ள, மருந்தில்லாத போலி மாத்திரையும் தந்தார்கள். இவ்வளவு நல்ல மருந்தை ஒரு பாதி நோயாளிகளுக்கு மறுப்பது அறமாகுமா என்று அன்று கேட்ட மருத்துவர்கள் உண்டு. அவர்கள் கேட்டதில் தவறில்லை. நோயாளியின்மேல் கொண்ட அன்பினால் கேட்டார்கள்.

1989 ஏப்ரலில் இந்த இரண்டு மருந்துகளையும் இடையிலேயே நிறுத்த வேண்டியதாயிற்று. பின்னர் வெளியான முழுக் கணக்கின்படி, மருந்து பெற்ற 755 பேரில் 63 பேரும், போலி மாத்திரை பெற்ற 743 பேரில் 26 பேரும் சராசரியாகப் பத்து மாத காலத்துக்குள் மாண்டிருந்தார்கள். திரும்பவும் சொல்கிறேன், கேட்பவர்கள் மனத்தில் பதிய வேண்டும் என்பதற்காக: மருந்து பெற்றவர்களில் 63 பேர், பெறாதவர்களில் 26 பேர். மாரடைப்பினால் தழும்பேறிய இதயத் தசையில் இந்த மருந்துகள் மின்னோட்டத்தின் வேகத்தைக் குறைக்கின்றன; அப்படி மெதுவாகச் செல்லும் மின்னோட்டம் தழும்பைச் சுற்றி வட்டமடிக்கத் தொடங்கினால், இதயம் இரத்தத்தை வெளியேற்ற முடியாமல் துடிதுடித்து நின்றுபோகிறது. சிறுசிறு துடிப்புகளை அடக்கிய அதே மருந்து பெரிய ஆபத்துக்கும் வழி திறந்துவிட்டது. (ஃபிளெகைனைடு இன்றும் பயன்படுகிறது. இதயத் தசையில் பழுதில்லாதவர்களுக்கு, தக்க சோதனைகளுக்குப் பின் கொடுக்கிறார்கள். அதை உட்கொள்ளும் நேயர் எவரும் இந்த உரையைக் கேட்டுத் தாமாக மருந்தை நிறுத்திவிடக் கூடாது.)

என்னை இன்றும் உறுத்துவது இன்னொன்று. மாரடைப்பு வந்த ஒருவர் சில மாதங்கள் கழித்து இறந்தால், சிகிச்சை அளித்த மருத்துவர் என்ன நினைப்பார்? நோய் முற்றிவிட்டது, நம்மால் இயன்றதைச் செய்தோம் என்றுதான் நினைப்பார். மருந்து கொன்றது என்று அவருக்குத் தோன்ற வழியே இல்லை. எவ்வளவு கூர்மையான, எவ்வளவு அனுபவமுள்ள மருத்துவராக இருந்தாலும், தம் முன் இருக்கும் ஒரு நோயாளியைப் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. போலி மாத்திரை பெற்ற அந்த 743 பேர் பக்கத்தில் இருந்ததனால்தான் அது வெளிப்பட்டது.

குலுக்கல் என்றதும் சிலருக்குக் கொடுமையாகத் தோன்றும். அதன் தொடக்கத்தைப் பாருங்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பின் காசநோய்க்கு ஸ்ட்ரெப்டோமைசின் என்னும் மருந்து வந்தபோது, பிரிட்டனிடம் எல்லோருக்கும் கொடுக்கப் போதுமான அளவு இல்லை. யாருக்குக் கொடுப்பது என்று ஒருவர் முடிவு செய்வதைவிட, மூடிய உறைகளில் வைத்த சீட்டுகளே முடிவு செய்யட்டும் என்று புள்ளியியலாளர் ஆஸ்டின் பிராட்ஃபோர்டு ஹில் ஏற்பாடு செய்தார். 1948இல் வெளிவந்த முடிவின்படி, ஆறு மாதங்களில் மருந்து பெற்ற 55 பேரில் 4 பேரும், படுக்கை ஓய்வு மட்டும் பெற்ற 52 பேரில் 14 பேரும் இறந்தனர். மருந்து பயனுள்ளது என்பதில் சந்தேகத்துக்கு இடமில்லாமல் போயிற்று; கூடவே, கிருமி அம்மருந்தை எதிர்த்து நிற்கப் பழகிவிடுகிறது என்பதும் அதே ஆய்வில் தெரிந்து, பிற்காலக் கூட்டுமருந்துச் சிகிச்சைக்கு அடிகோலியது. ஆனால் அந்த 52 பேரிடம், நீங்கள் ஓர் ஆய்வில் இருக்கிறீர்கள் என்று எவரும் சொல்லவில்லை. இன்று நோயாளியின் ஒப்புதல் இல்லாமல் அப்படிச் செய்ய முடியாது, செய்யவும் கூடாது.

கொரோனா காலத்துக்கு வருவோம். அதை நாம் எல்லோரும் வாழ்ந்து கடந்திருக்கிறோம். ஹைட்ராக்சிகுளோரோகுயின் என்னும் மாத்திரையின் பெயர் அன்று வீட்டுக்கு வீடு ஒலித்தது. ஆய்வகத்தில் தட்டில் வளர்த்த உயிரணுக்களில் அது வைரஸைத் தடுத்தது உண்மை. பிரிட்டனில் நடந்த ரிகவரி என்னும் பெரிய ஆய்வில் மருத்துவமனை நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்துப் பார்த்தபோது, 28 நாட்களில் அம்மாத்திரை பெற்றவர்களில் 27 சதவீதத்தினரும், வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 25 சதவீதத்தினரும் இறந்தார்கள். பயன் இல்லை. அதே ஆய்வில், அறுபது ஆண்டுகளாகப் புழக்கத்தில் உள்ள, விலை குறைந்த ஸ்டீராய்டு மருந்தான டெக்ஸாமெத்தசோனையும் சோதித்தார்கள். நோய் எதிர்ப்பு ஆற்றலைக் குறைக்கும் மருந்தை வைரஸ் நோயில் கொடுக்கலாமா என்று பல மருத்துவர்கள் அஞ்சியிருந்த மருந்து அது. செயற்கைச் சுவாசக் கருவியில் இருந்தவர்களில், வழக்கமான சிகிச்சையில் 41 சதவீதமாக இருந்த இறப்பு, அந்த மருந்தைப் பெற்றவர்களிடம் 29 சதவீதமாகக் குறைந்தது. ஆக்சிஜன் தேவைப்படாதவர்களுக்கோ அதனால் பயன் தென்படவில்லை. ஒரே மருந்து, ஒரே நோய். யாருக்கு, எந்தக் கட்டத்தில் என்பதில்தான் வேறுபாடு. ஆய்வகம் நம்பிக்கை தந்த மருந்து கைவிட்டதும், அச்சம் தந்த மருந்து காப்பாற்றியதும் ஒரே மாதத்தில், 2020 ஜூன் மாதத்தில், உலகுக்குத் தெரியவந்தன.

செய்திகளில் வரும் சதவீதங்களைப் பற்றியும் ஒரு சொல். செமாகுளுடைடு என்னும் ஊசி மருந்து, நீரிழிவு இல்லாத, ஆனால் மிகை உடல் எடையும் இதய அல்லது இரத்தநாள நோயும் உள்ளவர்களிடம் மாரடைப்பு, பக்கவாதம், இதய இறப்பு ஆகியவற்றை 20 சதவீதம் குறைத்தது என்று 2023இல் 17,604 பேரைக் கொண்ட ஆய்வு காட்டியது. நல்ல செய்திதான். இதை நூறு பேர் கணக்கில் சொன்னால், மூன்றேகால் ஆண்டுகளில் போலி ஊசி பெற்றவர்களில் எட்டுப் பேருக்கு நேர்ந்தது, மருந்து பெற்றவர்களில் ஆறரைப் பேருக்கு நேர்ந்தது. இரண்டும் உண்மை. ஒப்பீட்டுக் குழுவின் அந்த 'எட்டு' தெரியாமல் 'இருபது சதவீதம்' என்பதற்குப் பொருள் கிடையாது.

ஒப்பீட்டுக் குழு என்றால் மருந்தில்லாமல் விடப்பட்டவர்கள் என்று மட்டும் எண்ண வேண்டாம். நல்ல மருந்து ஏற்கெனவே இருக்கும்போது, புதியதை அதனோடுதான் ஒப்பிட வேண்டும். எச்.ஐ.வி. தொற்றைத் தடுக்க ஆறு மாதத்துக்கு ஒருமுறை போடும் லெனகாபவிர் ஊசியைத் தென்னாப்பிரிக்காவிலும் உகாண்டாவிலும் இளம்பெண்களிடம் சோதித்தபோது, எவருக்கும் வெறும் போலி மருந்து மட்டும் தரப்படவில்லை. 2024இல் வந்த முடிவு: ஊசி பெற்ற 2,134 பேரில் ஒருவருக்குக்கூடத் தொற்று இல்லை, முன்பே ஏற்கப்பட்ட தினசரி மாத்திரையைப் பெற்ற 1,068 பேரில் 16 பேருக்குத் தொற்றியிருந்தது. மாத்திரை கெட்டதன்று, அதை நாள்தோறும் தவறாமல் உட்கொள்வது பலருக்கு இயலவில்லை. ஒரு மாதம் மாத்திரை எழுதிக் கொடுத்தால் எத்தனை நாள் மறந்துபோகிறோம் என்பதை நேயர்கள் ஒவ்வொருவரும் அறிவீர்கள்.

நேரம் முடியப்போகிறது என்று நிலையத்தார் சைகை காட்டுகிறார்கள். மரபணுத் திருத்தத்தை விரிவாகச் சொல்ல வேண்டும் என்று எண்ணி வந்தேன். சுருக்கமாகவே சொல்ல முடிகிறது. சிவப்பணுக்கள் அரிவாள் போல வளைந்து இரத்தக் குழாய்களை அடைத்துக் கடும் வலி தரும் அரிவாள் அணு இரத்தசோகை நோய்க்கு, மரபணுவைக் குறிப்பிட்ட இடத்தில் வெட்டித் திருத்தும் கிரிஸ்பர் முறையிலான முதல் சிகிச்சை 2023 நவம்பரில் பிரிட்டனிலும் டிசம்பரில் அமெரிக்காவிலும் அனுமதி பெற்றது. இரத்த அணுக்களை உருவாக்கும் நோயாளியின் சொந்தக் குருத்தணுக்களை எடுத்துத் திருத்தி, கருவில் இருந்தபோது உருவான வகை ஹீமோகுளோபினை மீண்டும் உருவாக்கச் செய்து, அவருக்கே திருப்பிச் செலுத்துகிறார்கள். அந்த ஆய்வில் தனியான ஒப்பீட்டுக் குழு இல்லை. ஆண்டுக்குக் குறைந்தது இரண்டு முறையாவது கடும் வலியால் அவதிப்பட்டவர்களையே சேர்த்தார்கள் என்பதால், ஒவ்வொருவரின் கடந்த காலமே ஒப்பீடாக அமைந்தது. போதிய காலம் கண்காணிக்கப்பட்ட 31 பேரில் 29 பேர், தொடர்ந்து ஓராண்டாவது அந்த வலி இல்லாமல் இருந்தார்கள். ஆனால் திருத்திய மரபணு பல ஆண்டுகளுக்குப் பின் என்ன செய்யும் என்பதைக் கடந்த காலம் சொல்லாது. அதற்காகவே, இத்தகைய சிகிச்சை பெற்றவர்களைப் பதினைந்து ஆண்டுகள் வரை தொடர்ந்து கண்காணிக்கும் ஏற்பாடு நடந்துகொண்டிருக்கிறது.

வணக்கம்.