எதிரியை நோக்கித் திரும்பிய 'பெங்கால்'

வணக்கம் நேயர்களே. சுமார் எழுநூறு டன் எடையுள்ள ஒரு சின்னக் கப்பலைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். பெயர் 'பெங்கால்'. அன்றைய ராயல் இந்தியக் கடற்படைக்காகச் சிட்னியில் கட்டப்பட்டு, இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த 1942 ஆகஸ்டில் பணியில் சேர்ந்தது. கண்ணிவெடி அகற்றுவது, சரக்குக் கப்பல்களுக்குக் காவலாகப் போவது, இதுதான் அதன் வேலை.

அந்த நவம்பரில் ஆஸ்திரேலியாவின் ஃப்ரீமாண்டில் துறைமுகத்திலிருந்து இந்தியப் பெருங்கடலில் உள்ள டியேகோ கார்சியா தீவை நோக்கி, 'ஒண்டினா' என்ற டச்சு எண்ணெய்க் கப்பலுக்குத் துணையாகப் புறப்பட்டது. 11ஆம் தேதி, கோகோஸ் தீவுகளுக்குத் தென்மேற்கே, நடுக்கடலில் இரண்டு ஜப்பானியக் கப்பல்கள் எதிர்ப்பட்டன: ஹோகோகு மாரு, ஐகோகு மாரு. ஒவ்வொன்றும் பத்தாயிரம் டன்னுக்கு மேல், வரிசையாகப் பெரிய பீரங்கிகள். பெங்காலிடம் சொல்லிக்கொள்ளும்படி இருந்தது '12 பவுண்டர்' என்ற ஒரே ஒரு சிறிய பீரங்கி. காவலுக்கு வந்த கப்பலின் பீரங்கியைவிட ஒண்டினாவின் 4 அங்குலப் பீரங்கி பெரியது. ஆனால் அதற்கு இருந்தவை வெறும் 32 குண்டுகள்.

கேப்டன் வில்லியம் வில்சன் ஒண்டினாவைத் தப்பிப் போகச் சொல்லிவிட்டு, தன் கப்பலை எதிரியை நோக்கியே திருப்பினார். அந்தத் திருப்பம்தான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. தன் பீரங்கி எட்ட வேண்டுமென்றால் எதிரியின் பீரங்கி வாய்க்கு முன்னால் போய் நிற்க வேண்டும், வேறு வழியில்லை. ஒண்டினாவும் விலகிப் போய்விடவில்லை, சேர்ந்து சுட்டது. சற்று நேரத்தில் ஹோகோகு மாருவின் பின்பக்கம் குண்டு பாய்ந்து, பெரும் வெடிப்போடு அது மூழ்கியது. யாருடைய குண்டு என்று இன்றும் வாதம் உண்டு. என்னைக் கேட்டால், இரண்டு கப்பல்களுக்கும் பங்கு உண்டு.

பெங்கால் அடி வாங்கியது, குண்டும் தீர்ந்துபோகும் நிலை. ஒண்டினாவை மீட்க இனி வழியில்லை என்று கருதி விலகி, டியேகோ கார்சியா போய்ச் சேர்ந்தது. அங்கே ஒண்டினா மூழ்கிவிட்டதாகவே தகவல் சொன்னார்கள்.

ஆனால் ஒண்டினா மூழ்கவில்லை. அதன் கேப்டன் வில்லெம் ஹோர்ஸ்மன் கொல்லப்பட்டார். மாலுமிகள் படகுகளில் இறங்கினார்கள், அதன் பிறகு நீருக்கடியில் பாயும் டார்பிடோ குண்டுகள் கப்பலைத் தாக்கின. அந்தப் படகுகள் மீதும் எந்திரத் துப்பாக்கியால் சுட்டதை மன்னிக்கவே முடியாது. ஐகோகு மாரு போனதும், மிஞ்சியவர்கள் மறுபடி ஏறி, தீயை அணைத்து, சாய்ந்த கப்பலை ஃப்ரீமாண்டிலுக்கே ஓட்டி வந்துவிட்டார்கள்.

சரி, பெங்கால் என்ன ஆனது? பழுது பார்க்கப்பட்டு, சுதந்திர இந்தியாவின் கடற்படையிலும் 1960 வரை பணியாற்றியது. நன்றி, வணக்கம்.