ஞாயிற்றுக்கிழமைக் களைப்பு யார் கணக்கில்?

வணக்கம்.

என்னை வானொலியில் பேச அழைத்தவர் போனில், "நெடுந்தூரம் ஓடுறீங்க, ரெண்டு பிள்ளைங்களுக்கு அப்பாவாவும் இருக்கீங்க. ரெண்டையும் எப்படிச் சமாளிக்கிறீங்கன்னு பேசுங்க" என்றார். வீட்டில் சொன்னேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்த என் மனைவி நிமிராமலே, "பேசிட்டு வாங்க. நானும் தெரிஞ்சுக்கிறேன்" என்றாள்.

ஆகவே கொஞ்சம் ஜாக்கிரதையாகத்தான் பேச வேண்டியிருக்கிறது.

பாரிமுனையில் ஓர் அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறவன் நான். வயது நாற்பத்து நான்கு, வீடு திருவான்மியூர். ஆறு வருடத்துக்கு முன்பு, சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது என்று டாக்டர் சொன்னதால் நடக்கப் போனேன். நடை ஓட்டமாகி, ஓட்டம் அரை மாரத்தானாகி, இப்போது மூன்று முழு மாரத்தான் முடித்தாயிற்று. நேரம் எவ்வளவு என்று கேட்காதீர்கள். ஐந்து மணி நேரத்துக்குச் சற்று உள்ளே. ஒலிம்பிக்கில் ஓடுகிறவர்கள் அதற்குள் ஓடி முடித்து, குளித்து, சாப்பிட்டு, தூங்கியும் எழுந்துவிடுவார்கள்.

வார நாட்களில் இதனால் பெரிய தொந்தரவு இல்லை. ஐந்து மணிக்குக் கிளம்பி, ஆறேகாலுக்குள் பால் பாக்கெட்டோடு திரும்பிவிடுவேன். நான் போனதே பாதிப் பேருக்குத் தெரியாது. வம்பெல்லாம் ஞாயிற்றுக்கிழமை 'லாங் ரன்'னில்தான். மாரத்தானுக்கு நாலு மாதம் முன்பே தொடங்கி, பதினாறு கிலோமீட்டர், இருபது, இருபத்து நாலு என்று ஏற்றிக்கொண்டே போய் முப்பது, முப்பத்திரண்டில் நிறுத்துவோம். சென்னையில் இதை வெயில் ஏறுமுன் முடிக்க மூன்றரைக்கு எழ வேண்டும். அதற்கு முந்தின இரவு ஒன்பதுக்குப் படுக்க வேண்டும். சனிக்கிழமை ராத்திரி ஒன்பது மணிக்கு ஒரு படுக்கையறை வீட்டில் ஒருவன் தூங்குகிறான் என்றால், மற்ற மூன்று பேர் டிவியை ஊமையாக்கிவிட்டுக் கிசுகிசுவென்று பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

எங்கள் வாசல் கதவில் மேல்தாழ்ப்பாள் ஒன்று இருக்கிறது. இழுத்தால் கீச்சென்று கத்தும். அதற்கு நேர் கீழே கூடத்தில் பாய் போட்டுச் சின்னவள் படுத்திருப்பாள். தேங்காய் எண்ணெய் விட்டுப் பார்த்தேன், எறும்பு வந்தது. கடைசியில் சைக்கிள் கடைக்காரரிடம் விரல் நுனியளவு கிரீஸ் வாங்கித் தடவினேன். இப்போது தாழ்ப்பாள் பேசுவதில்லை. ஷூவைக் கையில் தூக்கிக்கொண்டு வெளியே வந்து, மாடிப்படியில் உட்கார்ந்து நாடா கட்டுவேன். சொந்த வீட்டிலிருந்து திருடன் மாதிரி வெளியேறுவதில் எனக்கு ஆறு வருட அனுபவம்.

அடையாறு டெப்போ, திரு.வி.க. பாலம், பட்டினப்பாக்கம், சாந்தோம் தேவாலயம், கலங்கரை விளக்கம், பிறகு காமராஜர் சாலை. இந்த வானொலி நிலையத்து வாசலை ஞாயிறுதோறும் நாலே முக்கால் வாக்கில் கடந்து போகிறவன்தான் நான். உள்ளே வருவது இன்றுதான் முதல் தடவை, அதுவும் காய்ந்த சட்டையோடு. உழைப்பாளர் சிலையைத் தாண்டி நேப்பியர் பாலம் தொட்டுத் திரும்பினால், வீடு சேரும்போது இருபது கிலோமீட்டருக்கு மேல் ஆகியிருக்கும். வழியில் எதிர்ப்படும் நாய்களைப் பற்றித் தனியாக ஓர் உரை பேசலாம். இன்றைக்கு வேண்டாம்.

நம் ஊர்ப் புழுக்கத்தைப் பற்றி மட்டும் சொல்லியாக வேண்டும். வியர்வை ஆவியானால்தான் உடம்பு குளிரும். கடற்கரைக் காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருப்பதால் ஆவியாக இடமில்லை. சும்மா சொட்டிக்கொண்டே இருக்கும். எவ்வளவு சொட்டுகிறது என்று கண்டுபிடித்தவள் நாலாம் வகுப்பு படிக்கும் என் மகள். கழித்தல் கணக்கு வராமல் அழுதுகொண்டிருந்தவளிடம் எடை மெஷினையும் ஒரு நாற்பது பக்க நோட்டையும் கொடுத்தேன். போகும்போது என் எடையை நானே எழுதி வைத்துவிட்டுப் போவேன். திரும்பி வந்ததும் ஈரச் சட்டையைக் கழற்றச் சொல்லி, துடைக்கச் சொல்லி, அவள் எடை பார்ப்பாள். சென்ற மே மாதப் பக்கம் ஒன்று இப்படி இருக்கிறது: "போகும்போது 71.4. வந்தபோது 69.3. குடித்தது ஒன்றரை லிட்டர். அப்பா வேர்வை 3.6 லிட்டர்." பக்கத்திலேயே பெரிய எழுத்தில், "ஐயே!"

தண்ணீரை மட்டும் குடம் குடமாகக் குடித்து இதை ஈடுகட்ட முடியாது. வியர்வையோடு உப்பும் போகிறது. வெறும் தண்ணீரே ஏறிக்கொண்டிருந்தால் ரத்தத்தில் இருக்கிற உப்பும் நீர்த்துப்போகும், அது தாகத்தைவிட ஆபத்து. எனவே போகும்போது உப்புப் போட்ட எலுமிச்சை ஜூஸ், வந்த பிறகு பழைய சோற்று நீராகாரம். அதற்கு ரெண்டு சின்ன வெங்காயம். கடைகளில் இதற்கென்று விற்கிற பொடிகள் எனக்கு ஒத்துவரவில்லை.

மூத்தவன் எட்டாம் வகுப்பு. அவனுக்கு வேறு கேள்வி: "அது என்னப்பா, நாற்பத்திரண்டு கிலோமீட்டர், அதுக்கு மேல நூத்துத் தொண்ணூத்தஞ்சு மீட்டர்?" தேடிப் படித்துச் சொன்னேன். 1908 லண்டன் ஒலிம்பிக்கில் ஓட்டம் விண்ட்சர் அரண்மனையில் தொடங்கி, மைதானத்தில் ராஜ குடும்பம் உட்கார்ந்திருந்த இடத்துக்கு முன்னால் முடிந்தது. அந்தத் தூரம்தான் பின்னால் 1921-ல் உலகத்துக்கே அளவாக நிலைத்தது. "அப்ப ஒரு குடும்பத்துக்காகத் தூரத்தை மாத்தினாங்க. நம்ம வீட்டுல தூரத்துக்காகக் குடும்பத்தை மாத்துறோம்" என்றான். பதின்மூன்று வயசு. அவன் அம்மா சமையலறையிலிருந்து சிரித்த சத்தம் கேட்டது.

நான் இங்கே சொல்ல வந்ததும் அதை ஒட்டித்தான். ஓடுவது கஷ்டம் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். ஓடுகிற நேரம் சுகமான நேரம். ஓடி முடித்தபின் காலை எட்டு மணிக்குத் தொடங்குகிற ஞாயிற்றுக்கிழமைதான் கஷ்டம். சலூனுக்குப் பையனைக் கூட்டிப்போக வேண்டும். மாவு அரைக்க வேண்டும். யார் வீட்டிலாவது கிரகப்பிரவேசம் இருக்கும். ஹோமப் புகைக்கு நடுவே நான் உட்கார்ந்தபடியே தூங்கி, பந்திக்கு எழுப்பப்பட்டவன். முதல் இரண்டு வருடம், "களைப்பா இருக்கு, கொஞ்சம் படுக்கிறேனே" என்பது என் ஞாயிற்றுக்கிழமை வசனம். ஒருநாள் மனைவி சண்டைக் குரலில் இல்லாமல், சாதாரணமாகச் சொன்னாள்: "ஆபீஸ்ல இருந்து களைச்சு வந்தா காபி போட்டுத் தரேன். இது நீங்களா தேடிக்கிட்ட களைப்பு. இதுக்கு என்கிட்ட லீவு கேக்காதீங்க."

கணக்கு எழுதுகிறவனுக்கு இது உடனே புரிந்திருக்க வேண்டும். செலவு செய்கிறவன் ஒருவன், பற்று விழுவது இன்னொருவர் கணக்கில். புரியவில்லை. வாயை மட்டும் மூடிக்கொண்டேன்.

வாயை மூடிக்கொண்டதில் ஒரு கூத்தும் நடந்தது. ஒரு ஞாயிறு முப்பது கிலோமீட்டர். மறுநாள் விடுமுறை, மாமியாருக்கு ஏதோ பிரார்த்தனை என்று எல்லோரும் திருக்கழுக்குன்றம் போனோம். ஐநூறுக்கு மேல் படி. ஏறிவிட்டேன். இறங்கும்போதுதான் விஷயம் தெரிந்தது. படி இறங்கும்போது தொடைத் தசை நீண்டுகொண்டே பாரத்தைத் தாங்க வேண்டும். நெடுந்தூரம் ஓடி நைந்த தசைக்கு அதைவிடக் கொடுமை இல்லை. அந்த வலி ஓடிய அன்றைக்கு வராது, மறுநாளும் அதற்கு அடுத்த நாளும்தான் உச்சத்துக்கு வரும். ஏறும்போது முழங்கால் வலி என்று நாலு இடத்தில் உட்கார்ந்த மாமியார், இறங்கும்போது என் கையைப் பிடித்துக்கொண்டார். பார்த்தவர்கள், பரவாயில்லையே, மாமியாரை எப்படித் தாங்குகிறான் என்று நினைத்திருப்பார்கள். "பாத்து மாப்ள, அடுத்த படி கொஞ்சம் ஒசரம்" என்று சொல்லிக்கொண்டே வந்தது அவர்தான்.

இது சிரிக்கிற கதை. இன்னொன்று அப்படியில்லை.

மூன்றாவது மாரத்தானுக்குத் தயாராகிக்கொண்டிருந்த கார்த்திகை மாதம். வெளியே மழை. சனிக்கிழமை சாயங்காலம் பையனுக்கு உடம்பு சுட்டது. சாதாரணக் காய்ச்சல்தான் என்று மருந்து கொடுத்துவிட்டு ஒன்பது மணிக்கு நான் படுத்துவிட்டேன். மூன்றரைக்கு எழுந்தேன், மழை விட்டிருந்தது. இருட்டிலேயே ஃபிரிட்ஜைத் திறந்து, பாட்டிலை எடுத்துக்கொண்டு, பேசாத தாழ்ப்பாளைத் திறந்து போனேன். இருபத்தெட்டு கிலோமீட்டர். நன்றாக ஓடினேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

திரும்பி வந்தபோது வீடு முழுக்கத் தூங்கிக்கொண்டிருந்தது. பையன் கட்டிலுக்குப் பக்கத்தில், தரையில், சுவரில் சாய்ந்தபடி என் மனைவி. கையில் ஈரத்துணி. தண்ணீர் குடிக்க ஃபிரிட்ஜ் பக்கம் போனேன். கதவில் காந்தத்துக்கு அடியில், மளிகைச் சீட்டின் பின்பக்கத்தில் அவள் கையெழுத்து: பதினொன்று, 102. பன்னிரண்டரை, 103. இரண்டு, 102, மருந்து. மூன்று, 100.4. அதற்குக் கீழே ஒன்றும் இல்லை. மூன்று மணிக்கு அவள் எழுதிய அந்தத் தாளுக்கு முன்னால்தான் நாற்பது நிமிடம் கழித்து நான் நின்று கதவைத் திறந்திருக்கிறேன்.

எழுந்தபின் அவள் திட்டவில்லை. "எத்தனை கிலோமீட்டர்?" என்று கேட்டாள். சொன்னேன். "சரி" என்றாள்.

அந்தச் சீட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. சின்னவளின் வியர்வை நோட்டுக்குள் வைத்திருக்கிறேன். அதற்குப் பிறகு சில மாற்றங்கள் வந்தன. யாரும் உட்கார்ந்து பேசி முடிவெடுக்கவில்லை, தானாக வந்தன. ஷூ எடுக்குமுன் விளக்கைப் போட்டு ஃபிரிட்ஜ் கதவைப் பார்க்கிறேன். தாளில் ஏதாவது எழுதியிருந்தால் அன்றைக்கு ஓட்டம் கிடையாது. வருடத்துக்கு ஒரே மாரத்தான். சனிக்கிழமை காலை ஆறிலிருந்து பத்து வரை மனைவிக்கு. முதல் சனிக்கிழமை அவள் கைப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். எங்கே என்று நான் கேட்கவில்லை, இன்றுவரை கேட்டதில்லை. பெசன்ட் நகர் பக்கம் என்று சின்னவள் துப்பறிந்து சொல்லியிருக்கிறாள். வரும்போது சில நாள் சுண்டல் வாங்கி வருவாள், சில நாள் மல்லிகைப்பூ, சில நாள் ஒன்றுமில்லை.

அந்தக் கடைசி மாரத்தானையும் சொல்லிவிடுகிறேன். முப்பது கிலோமீட்டர் தாண்டினால் தசையிலும் ஈரலிலும் சேர்த்து வைத்த சர்க்கரை தீர்ந்துபோய், கால் சிமென்ட் மாதிரி ஆகும். 'சுவர்' என்பார்கள். எனக்கு முப்பத்து மூன்றில் சுவர் வந்தது. நடந்தேன், நின்றேன், மறுபடி நடந்தேன். அடையாறில் வாழைப்பழத்தோடு காத்திருப்பதாகப் பிள்ளைகள் சொல்லியிருந்தார்கள். நான் அங்கே போய்ச் சேர்ந்தது முக்கால் மணி நேரம் தாமதமாக. யாரும் இல்லை. பிறகுதான் தெரிந்தது: காத்திருந்து பசித்துப்போய், எனக்கு வைத்திருந்த பழத்தையும் தின்றுவிட்டு, இட்லி சாப்பிட ஹோட்டலுக்குப் போய்விட்டார்கள். நான் தாண்டிப்போனதை ஜன்னல் வழியாக மனைவி பார்த்திருக்கிறாள். "கூப்பிட்டிருக்கலாமே" என்றேன். "கூப்பிட்டா நின்னிருப்பீங்க" என்றாள்.

இந்த உரை சனிக்கிழமை காலை எட்டே காலுக்கு ஒலிபரப்பாகும் என்று சொல்லியிருக்கிறார்கள். அந்த நேரத்தில் அவள் வீட்டில் இருக்கமாட்டாள். அடுப்பில் தோசைக்கல்லை வைத்துவிட்டு, பிள்ளைகளோடு நான்தான் கேட்டுக்கொண்டிருப்பேன்.

நன்றி, வணக்கம்.