மாதவிலக்கையும் மனநிலையையும் சேர்த்தே கேளுங்கள்

நேயர்களுக்கு வணக்கம். அகதி முகாம் மருத்துவமனைக்கு வரும் பெண், "மனசு சரியில்லை" என்று தொடங்குவது அபூர்வம். தலைவலி, தூக்கமில்லை, மூன்று மாதமாக விலக்காகவில்லை என்றுதான் சொல்வார். மனத்துக்கு ஒருவர், உடம்புக்கு ஒருவர் என்று பிரித்து அனுப்பினால் இருவருக்குமே பாதி விவரம்தான் போய்ச் சேரும்.

விலக்கு நின்றால், அவர் சம்மதத்தோடு முதலில் கர்ப்பப் பரிசோதனை. மணமாகாதவர், கணவர் உடனில்லாதவர் என்று யாரையும் விலக்கிவிடக் கூடாது. வரும் வழியில் வன்கொடுமைக்கு ஆளானவர் அதைத் தானாகச் சொல்வார் என்று எதிர்பார்க்க முடியாது. கர்ப்பம் இல்லையென்றால், பட்டினியும் எடைக் குறைவும் ஓயாத அச்சமும் காரணமாகலாம். இவற்றால் மூளையின் ஹைப்போதலாமஸ் சினைப்பையை இயக்கும் சமிக்ஞைகளைக் குறைத்துவிடுகிறது. ஆனாலும், "எல்லாம் கவலையால்தான்" என்று அவசரப்பட்டு முடிவு கட்ட வேண்டாம். தைராய்டு கோளாறும் விலக்கை நிறுத்தும். ரிஸ்பெரிடோன் போன்ற மனநல மருந்துகள், பால் சுரக்கச் செய்யும் புரோலாக்டின் என்ற ஹார்மோனை உயர்த்தியும் நிறுத்தும். அதற்காக மருந்தைத் தானாக விட்டுவிடக் கூடாது. மருத்துவர்தான் மாற்றித் தர வேண்டும்.

இதற்கு நேர்மாறானது அதிக உதிரப்போக்கு. மணிக்கு ஒரு நாப்கின் வீதம் தொடர்ந்து நனைந்தாலோ, ஏழு நாளைக்கு மேல் நீடித்தாலோ ஹீமோகுளோபின் பார்த்தாக வேண்டும். கர்ப்பமில்லாத பெண்ணுக்கு டெசிலிட்டருக்கு 12 கிராமுக்குக் கீழே என்றால் இரத்தசோகை. அந்த அசதியை மனச்சோர்வு என்று எழுதி மாத்திரை கொடுப்பதுதான் நான் அதிகம் அஞ்சும் தவறு.

உதிரப்போக்கையும் மனநிலையையும் இரண்டு சுழற்சிகளுக்கு நாள்தோறும் குறித்துவரச் சொல்லுங்கள். எழுதத் தெரியாதவர் உதிரத்துக்குப் புள்ளி, மோசமான நாளுக்குக் கோடு போட்டால் போதும். மனவேதனை விலக்குக்கு முந்தைய வாரம் கூடி, உதிரம் தொடங்கிய சில நாளில் தணிந்தால் அது விலக்கை ஒட்டியது. மாதம் முழுக்க இருந்தால் மனச்சோர்வையோ பேரதிர்ச்சியின் பாதிப்பையோ தேட வேண்டும். சாக வேண்டும்போல் இருக்கிறதா என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது.

மனிதநேய உதவிக்கான குறைந்தபட்சத் தரங்களைச் சொல்லும் 2018 ஸ்பியர் கையேடு, பெண்ணொருவருக்கு மாதம் 15 நாப்கின் அல்லது ஆண்டுக்கு ஆறு துவைத்துப் பயன்படுத்தும் நாப்கின், கூடுதலாக மாதம் 250 கிராம் சோப்பு என்கிறது. எது வேண்டும் என்பதை அந்தப் பெண்தான் சொல்ல வேண்டும். துணியைக் கொடுத்துவிட்டுக் காயவைக்க மறைவிடம் தராவிட்டால், படுக்கைக்கு அடியில் ஈரத்தோடு ஒளித்துவைப்பார்கள். தோல் அரிக்கும், புண்ணாகும். கழிப்பறைக்கு விளக்கும் உள்தாழ்ப்பாளும் இல்லையென்றால் இரவில் போகப் பயந்து தண்ணீர் குடிப்பதையே குறைப்பார்கள். பிறகு சிறுநீர்த் தொற்று.

பேச்சுக்கு இடையில் கணவரையோ பிள்ளையையோ மொழிபெயர்க்க வைக்காதீர்கள். பயிற்சி பெற்ற பெண் மொழிபெயர்ப்பாளர் வேண்டும். அவர் அதே முகாமைச் சேர்ந்தவர் என்றால், அவரை வைத்துப் பேசச் சம்மதமா என்று முதலில் கேட்டுவிடுங்கள்.