மூன்றாம் கம்பியில் 4, 3, 2, 1, அப்புறம் திறந்த கம்பி: டெட் கிரீன் புத்தகம் வந்தாச்சு

வணக்கம் மக்களே! எல்லாரும் நல்லா இருக்கீங்களா? இன்னைக்கு ஆம்ப் வீடியோ போடுவதாகச் சொல்லியிருந்தேன், அது அடுத்த வாரம். ஏனென்றால் இதோ பாருங்கள், கையில் என்ன இருக்கிறது என்று. ஜாஸ் கிட்டாரிஸ்ட் டெட் கிரீன் எழுதிய கார்ட் கெமிஸ்ட்ரி, கார்ட்கள் பற்றிய கிட்டார் புத்தகம். கார்ட் என்றால் பல ஸ்வரங்களைச் சேர்த்து ஒரே நேரத்தில் ஒலிக்க வைப்பது. வந்துவிட்டது! இந்தச் சேனலில் நான் எத்தனை முறை இந்த மனிதர் பெயரைச் சொல்லியிருப்பேன் என்று பழைய ஆட்களுக்குத் தெரியும். கமெண்டில் ஒருத்தர் "அண்ணா, நீங்க டெட் கிரீன் பத்தி ஒரு முழு வீடியோ போடுங்க, இல்லாட்டி பேரைச் சொல்றதை நிறுத்துங்க" என்று எழுதியிருந்தார். சரி தம்பி, இந்த வீடியோ உனக்குத்தான்.

முதலில் புத்தகத்தின் கதையைச் சொல்லிவிடுகிறேன், அது சொல்லாமல் எனக்கு மனசு ஆறாது. விலை 2,400 ரூபாய், கூரியர் தனியாக 650. வந்து சேர்ந்தபோது ஒரு மூலை மடங்கியிருந்தது, அதைக்கூட விட்டுவிடலாம். பிரச்சினை பைண்டிங். பசை போட்டு ஒட்டிய பைண்டிங், நோட்டு ஸ்டாண்டில் வைத்தால் மூடிக்கொள்கிறது. கிட்டார் புத்தகத்துக்கு எதற்கு இப்படி ஒரு பைண்டிங்? இரண்டு கையும் கிட்டாரில் இருக்கிறது, பக்கத்தை யார் பிடிப்பது? துணிக் கிளிப் போட்டுப் பார்த்தேன், செல்போனைத் தூக்கி மேலே வைத்துப் பார்த்தேன், எதுவும் நிற்கவில்லை. கடைசியில் எங்கள் தெருமுனை ஜெராக்ஸ் கடைக்குக் கொண்டுபோனேன். அந்த அண்ணன் புத்தகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "முதுகை வெட்டிட்டு ஸ்பைரல் போட்டுடலாம் சார், ஆனா உள் ஓரத்துல இந்தக் கட்டம் கட்டமா இருக்கே, அதுல ஓட்டை விழுந்தா பரவாயில்லையா?" என்றார். பரவாயில்லையாவா! எந்தக் கம்பியில் எங்கே விரல் வைக்க வேண்டும் என்று காட்டுகிற அந்தக் கட்டம்தானே புத்தகமே! பிறகு அவரே ஒரு பழைய பேப்பரில் ஓட்டை போட்டு, புத்தகத்துப் பக்கத்தின் மேல் வைத்து, எந்தக் கட்டமும் அடிபடாது என்று காட்டிவிட்டுத்தான் வெட்டினார். 90 ரூபாய். இதோ பாருங்கள், எப்படிப் படுத்துக் கிடக்கிறது! எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் அப்படியே நிற்கிறது. கிட்டார் வாசிக்கிறவர்களே, உங்கள் புத்தகங்களை எல்லாம் தூக்கிக்கொண்டு ஜெராக்ஸ் கடைக்குப் போங்கள். 3,050 ரூபாயில் கிடைக்காத சந்தோஷம் அந்த 90 ரூபாயில் கிடைத்தது, உண்மையாகச் சொல்கிறேன்.

சரி, விஷயத்துக்கு வருவோம். டெட் கிரீன் யார்? 1946இல் பிறந்தவர், அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சலஸ் பக்கம். 2005இல், 58 வயதிலேயே போய்விட்டார். தன் பெயரில் அவர் வெளியிட்டது ஒரே ஒரு ஆல்பம், 1977இல், சோலோ கிட்டார் என்றே பெயர். ஒரு மனிதர், ஒரு கிட்டார், மேலே வேறு எந்த டிராக்கும் சேர்க்கவில்லை. அவ்வளவுதான் ஆல்பம். மீதி வாழ்க்கை முழுக்கப் பாடம் சொல்லிக் கொடுத்தார். என்சினோ என்ற பகுதியில் ஒரு அபார்ட்மென்டில், புத்தகங்களுக்கும் இசைத்தட்டுகளுக்கும் நடுவில் உட்கார்ந்து, ஒவ்வொரு மாணவருக்கும் தன் கையாலேயே தாள் எழுதிக் கொடுத்துச் சொல்லிக் கொடுத்தவர்.

அந்தத் தாள்கள்! அவர் மாணவர்களும் நண்பர்களும் சேர்ந்து அவற்றையெல்லாம் ஸ்கேன் செய்து இணையத்தில் இலவசமாகவே வைத்திருக்கிறார்கள். குட்டிக் குட்டிக் கட்டங்கள், அதில் புள்ளி, பெருக்கல் குறி, சதுரம். புள்ளியை முதலில் வாசிக்க வேண்டும், அடுத்து பெருக்கல் குறி, அதற்கடுத்து சதுரம். அதாவது ஒரே கட்டத்துக்குள் கை வைக்கும் இடமும் இருக்கிறது, எந்த நோட், அதாவது எந்த ஸ்வரம், எப்போது நகர வேண்டும் என்பதும் இருக்கிறது. டேப் (கம்பியையும் விரல் இடத்தையும் எண்களால் காட்டும் எழுத்து முறை) பார்த்து வாசிக்கிறவர்களுக்கு இதன் அருமை முதல் நாளில் தெரியாது. ஒரு வாரம் உட்காருங்கள், அப்புறம் சாதாரண கார்ட் படங்களைப் பார்த்தால் என்னமோ குறைகிறதே என்று தோன்றும்.

இப்போது எனக்கு எரிச்சலான விஷயம் ஒன்று. போன வாரம் ஒரு ரீல் பார்த்தேன், "ஜாஸ் கிட்டாரிஸ்டுகள் பயன்படுத்தும் 50 ரகசிய கார்ட்கள்". ஐம்பதும் ஒரு நிமிஷத்தில். பார்த்தவர்கள் எல்லாம் "ஆஹா" என்று எழுதியிருக்கிறார்கள். இந்த மாதிரி விஷயம் எனக்குச் சுத்தமாகப் பிடிக்காது. கார்ட் என்பது சேர்த்து வைக்கிற பொருளே இல்லை. டெட் கிரீனுக்குத் தெரியாத கார்ட் உண்டா? இந்தப் புத்தகத்தைப் புரட்டினாலே தலை சுற்றும், அவ்வளவு கட்டங்கள். 1971இல், 20களின் நடுவயதில் எழுதியது இது. ஆனால் அவர் வாசிப்பதைக் கேட்கும்போது எத்தனை கார்ட் என்று உங்களுக்குத் தோன்றவே தோன்றாது. ஒரு கார்டிலிருந்து இன்னொரு கார்டுக்கு அவர் போகிற விதம் இருக்கிறதே, அங்கேதான் எல்லாம் இருக்கிறது. உள்ளே இருக்கும் ஒவ்வொரு நோட்டும் எங்கேயோ போகிறது. நெரிசலான பஸ்ஸில் ஒருத்தர் இறங்க எழுந்தால் பக்கத்தில் இருப்பவர் லேசாக நகர்ந்து உட்கார்வாரே, அந்த அளவுதான் அசைவு. யாரும் குதிப்பதில்லை.

கிட்டார் எடுத்துக்கொள்ளுங்கள், இதை வாசித்துக் காட்டினால்தான் புரியும். இது அவர் தாளிலிருந்து எடுத்ததல்ல, அவரிடம் கற்றுக்கொண்ட வழியில் நான் அடுக்கியது. முதல் கம்பியும் (மிக மெல்லியது) ஆறாம் கம்பியும் (மிகத் தடித்தது) வேண்டாம், நடுவில் நாலு கம்பி மட்டும்.

சி மேஜர் 7இல் தொடங்குகிறோம். ஐந்தாம் கம்பி 3ஆம் ஃப்ரெட் (ஃப்ரெட் என்றால் கழுத்தில் குறுக்கே இருக்கும் உலோகப் பட்டை), நான்காம் கம்பி 5, மூன்றாம் கம்பி 4, இரண்டாம் கம்பி 5. அந்த இரண்டாம் கம்பியில் இருப்பது சுண்டுவிரல், நோட் இ. அந்தச் சுண்டுவிரலை இனி எடுக்கவே கூடாது. அடுத்து ஏ 7 ஃப்ளாட் 9: ஐந்தாம் கம்பியில் 4, நான்காம் கம்பியில் 5 அப்படியே, மூன்றாம் கம்பியில் 3, சுண்டுவிரல் அங்கேயே. அடுத்து டி மைனர் ஆட் 9: ஐந்தாம், நான்காம், மூன்றாம் கம்பிகளில் வரிசையாக 5, 3, 2, சுண்டுவிரல் அங்கேயே. அடுத்து ஜி 13 ஃப்ளாட் 9: அதே வரிசையில் 2, 3, 1, சுண்டுவிரல் அங்கேயே. கடைசியில் சி: ஐந்தாம் கம்பி 3, நான்காம் கம்பி 2, மூன்றாம் கம்பி திறந்தபடி (விரல் வைக்காமல்), சுண்டுவிரல் இன்னும் அங்கேயே.

மூன்றாம் கம்பியை மட்டும் தனியாகக் கேளுங்கள். 4, 3, 2, 1, திறந்த கம்பி. பி, பி ஃப்ளாட், ஏ, ஏ ஃப்ளாட், ஜி. படி இறங்குகிற மாதிரி ஒவ்வொரு ஃப்ரெட்டாக. ஐந்தாம் கம்பி அதற்கு எதிராக 3, 4, 5 என்று மேலே ஏறுகிறது, பிறகு 2க்கு இறங்கி 3இல் வந்து சேர்கிறது. மேலே இ அசையவே இல்லை, ஆனால் அதன் வேலை மட்டும் மாறிக்கொண்டே இருக்கிறது: ஒவ்வொரு கார்டின் பெயரில் இருக்கும் நோட்டிலிருந்து எண்ணினால், சியில் அது மூன்றாவது, ஏயில் ஐந்தாவது, டியில் ஒன்பதாவது, ஜியில் பதின்மூன்றாவது, திரும்ப சியில் மூன்றாவது. ஒரே நோட் ஐந்து நிறத்தில் கேட்கிறது!

அந்த ஜி கார்ட் கஷ்டம், ஒத்துக்கொள்கிறேன். 1ஆம் ஃப்ரெட்டிலிருந்து 5ஆம் ஃப்ரெட் வரை கை விரிய வேண்டும். எட்டவில்லை என்றால் கட்டைவிரலைக் கழுத்தின் நடுப்பக்கத்துக்கு இறக்கி, மணிக்கட்டை லேசாக முன்னால் கொண்டுவாருங்கள், ஆள்காட்டி விரல் தானாகவே பின்னால் போகும். வலித்தால் உடனே நிறுத்திவிடுங்கள், இது முக்கியம். இல்லையென்றால் கேப்போவை (எல்லாக் கம்பியையும் ஒரே இடத்தில் அழுத்திப் பிடிக்கும் கிளிப்) 3ஆம் ஃப்ரெட்டில் போட்டு, அங்கிருந்து எண்ணி வாசியுங்கள், ஃப்ரெட்டுகள் அங்கே நெருக்கம், ஸ்ருதி மட்டும் மாறும், வேறு ஒன்றும் போய்விடாது. முதல் தடவை அது சுத்தமாக ஒலித்தபோது, நாலு கம்பியும் கேட்டபோது, நான் எழுந்து வீட்டுக்குள் ஒரு சுற்று நடந்துவிட்டு வந்தேன்.

ஆங், இன்னொன்று, முதலிலேயே சொல்ல நினைத்தேன். டெட் கிரீன் கையில் இருந்த கிட்டார். ஜாஸ் என்றாலே வயிறு பெருத்த, உள்ளே வெற்றிடமுள்ள கிட்டார் என்றுதான் நினைப்பீர்கள். அவர் வாசித்தது பெரும்பாலும் ஃபெண்டர் கம்பெனியின் டெலிகாஸ்டர். கன்ட்ரி பாட்டுக்காரர்கள் கீச்சென்று வாசிக்கும் அதே பலகை கிட்டார்! பழைய ஃபெண்டர் கிட்டார்கள் மேல் அவருக்குப் பெரிய பிரியம், அவற்றைப் பற்றி அபார அறிவும் இருந்தது. பல சமயம் கம்பிகளை வழக்கமான ஸ்ருதிக்குக் கீழே இறக்கி வைத்துக்கொள்வார். அதனால் அந்த ஒலியில் ஒரு ஆழம். கிட்டார் விலையைப் பற்றி மட்டுமே பேசுகிறவர்கள் இதைக் கேட்க வேண்டும்.

அப்புறம் அந்த ஹார்ப் ஹார்மானிக்ஸ். இடது கை ஒரு கார்டைப் பிடித்திருக்கும். வலது கை ஆள்காட்டி விரல் அந்த நோட்டுக்குச் சரியாக 12 ஃப்ரெட் மேலே கம்பியை வெறுமனே தொடும், அழுத்தாது. கட்டைவிரல் அதே கம்பியை மீட்டும். மணி மாதிரி ஒரு நோட் வரும். அடுத்த நொடியே மோதிர விரல் வேறு கம்பியைச் சாதாரணமாக மீட்டும். மணி, கம்பி, மணி, கம்பி. சரியாக வந்தால் வாத்தியம் கிட்டார்தானா என்றே சந்தேகம் வரும். லென்னி பிரோ என்ற இன்னொரு ஜாஸ் கிட்டாரிஸ்ட் இதில் மன்னன், அதில் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் டெட் கிரீன் இதை வித்தை காட்டப் பயன்படுத்துவதில்லை. பாட்டில் ஒரு வரி முடிகிற இடத்தில், மூச்சு விடுகிற இடத்தில், நாலு நோட் தெளிப்பார், அதோடு சரி. அந்த அளவு எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

இன்னும் ஒன்று, பாக் பாணி. பாக் என்றால் பரோக் காலத்து ஜெர்மன் இசையமைப்பாளர், பல குரல்களைப் பின்னி எழுதியவர். ஹாலிவுட்டில் மாணவர்கள் முன்னால் உட்கார்ந்து பரோக் பாணியில் உடனுக்குடன் கற்பனை செய்து வாசிக்கிற ஒரு பழைய வீடியோ இணையத்தில் இருக்கிறது. எழுதி வைத்தது எதுவும் இல்லை. கீழே ஒரு குரல் நடக்கிறது, மேலே ஒன்று பதில் சொல்கிறது, நடுவில் ஒன்று இரண்டையும் கட்டிப் பிடிக்கிறது. பத்து விரலில் பியானோவில் செய்வதே கடினம். ராஜா சார் பாட்டில் பேஸ் கிட்டாரையும் வயலினையும் தனித்தனியாகப் பின்தொடர்ந்து பழகிய காது நமக்கு இருக்கிறது இல்லையா, அந்தக் காதோடு இதைக் கேளுங்கள், உடனே பிடிபடும்.

போன லைவில் ஒரு தம்பி வி சிஸ்டம், அதாவது டெட் கிரீன் நாலு நோட் கார்ட்களை வகை பிரித்த முறை, பற்றிக் கேட்டிருந்தார், அதையும் சொல்லிவிடுகிறேன். 12 நோட்டில் எந்த நாலு வெவ்வேறு நோட்டை எடுத்தாலும், ஸ்ருதி மாற்றத்தைக் கணக்கில் எடுக்காமல் பார்த்தால், மொத்தம் 43 வகைதான் வரும். இது கணக்கு, யார் போட்டாலும் இதே விடைதான். டெட் கிரீன் அதற்கு மேல் ஒரு படி போனார். அந்த நாலு நோட்டையும் எவ்வளவு நெருக்கமாக, எவ்வளவு பரப்பி அடுக்கலாம் என்று பார்த்து 14 குடும்பங்களாகப் பிரித்தார், வி 1 முதல் வி 14 வரை. வி 1 என்றால் நெருக்கி அடுக்கியது. நம்ம ஊரில் டிராப் 2 (நெருக்கி அடுக்கியதில் மேலிருந்து இரண்டாவது நோட்டை ஒரு ஸ்தாயி கீழே இறக்குவது) என்று சொல்லித் தருகிறார்களே, அதுதான் வி 2. இவ்வளவு பெரிய வேலையை அவர் புத்தகமாகப் போடாமலேயே போய்விட்டார், மாணவர்கள்தான் பிறகு விளக்கி எழுதி வைத்தார்கள். ஆனால் ஆரம்பிக்கிறவர்கள் தயவுசெய்து அங்கே போகாதீர்கள். அந்த ஐந்து கார்ட், அந்தச் சுண்டுவிரல், அது போதும் இந்த மாதத்துக்கு.

இதையெல்லாம் பாடத்துக்கு வந்த ஒவ்வொருத்தருக்கும் அள்ளிக் கொடுத்திருக்கிறார், அதுதான் எனக்கு ஆச்சரியம். பாடத்தைக் கேசட்டில் பதிவு செய்துகொள்ள மாணவர்களை விட்டிருக்கிறார், அந்தப் பதிவுகளில் சில இன்று இணையத்தில் கிடைக்கின்றன. ஒரு நோட்டை மாற்றி வாசித்துவிட்டு அதன் அழகில் அவரே சந்தோஷப்படுவது கேட்கும். இங்கே சில இடங்களில் ஒரு வாய்சிங் (கார்டின் நோட்டுகளை அடுக்கும் விதம்) சொல்லித் தரவே தனிக் கட்டணம் கேட்கிறார்கள், யார் எவர் என்று நான் சொல்லப் போவதில்லை, எனக்கு அந்தப் பழக்கம் பிடிக்காது, அவ்வளவுதான்.

சரி, எதிலிருந்து கேட்க ஆரம்பிப்பது? அந்த 1977 ஆல்பம், நேராக அங்கே போங்கள். ஒரே ஒரு வேண்டுகோள்: செல்போன் ஸ்பீக்கரில் கேட்காதீர்கள், ப்ளீஸ். மேலே இருக்கும் ராகம் மட்டும்தான் அதில் கேட்கும், மூன்றாம் கம்பியும் நான்காம் கம்பியும் செய்கிற வேலை எல்லாம் காணாமல் போய்விடும். இயர்போன் போடுங்கள். முதல் தடவை ராகத்தை விட்டுவிட்டு நடுவில் நகர்கிற குரலை மட்டும் பிடியுங்கள். எந்த நிமிஷத்தில் எந்த இடம் பிடித்தது என்று கமெண்டில் எழுதுங்கள், அந்த இடத்தை நான் காதால் கேட்டு எடுத்து அடுத்த லைவில் வாசித்துக் காட்டுகிறேன். அந்த ஐந்து கார்டுக்குக் கட்டம் வரைந்து கீழே போட்டிருக்கிறேன், புள்ளியும் பெருக்கல் குறியும் அவர் முறையிலேயே. வரட்டுமா!